ஒருவர் இழுத்த தேர்

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

கோபன்ஹேகன் என்ற பெயரைக் கேட்டதும் இயற்பியல் படிக்கும் எவருக்கும் நீல்ஸ் போர் நினைவுக்கு வருவார். அணுவுக்குள் எலக்ட்ரான்கள் எந்தெந்தச் சுற்றுப்பாதைகளில் இயங்கலாம் என்று 1913-இல் எடுத்துரைத்து, 1922-இல் நோபல் பரிசு பெற்ற பேரறிஞர் அவர். அவர் இளமையில் ஒரு கால்பந்து அணியின் கோல்கீப்பராக நின்றவர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவருடைய தம்பி ஹரால்ட் போர் சிறந்த கணித அறிஞர். 1908-இல் லண்டனில் நடந்த ஒலிம்பிக்கில் டென்மார்க் கால்பந்து அணியில் ஆடி வெள்ளிப் பதக்கம் பெற்றவர். சகோதரர் இருவரும் ஆடியது 'அகாடமிஸ்க் போல்டுகிளப்' என்னும் சங்கத்தில். அது 1889-இல் தொடங்கப்பட்டது. பழைய பெருமை மங்கிக் கீழ்ப்பிரிவுகளுக்கு இறங்கிய பிறகும், அச்சங்கம் இன்றும் உயிரோடு இருக்கிறது.

அதே கோபன்ஹேகனில் இன்னொரு சங்கமும் இருந்தது. அது 2010-இல் பிறந்தது. 2012 ஜூலை 31-ஆம் நாள் மறைந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் அது வெல்லாத பட்டம் டென்மார்க்கில் இல்லை. அதன் பெயர் ஏ.ஜி. கோபன்ஹேகன். ஆட்டம், ஹேண்ட்பால்.

நீல்ஸ் போரைப் பற்றி ஒரு கருத்தரங்குக் கட்டுரை எழுதுவதற்காக நூலகக் கணிப்பொறியில் தேடத் தொடங்கிய நான், கோபன்ஹேகனின் ஆட்டச் சங்கங்கள் வழியாக நடந்து இந்த அணியின் வாசலில் வந்து நின்றேன். அணுவைப் பற்றிய கட்டுரை எப்படியோ முடிந்தது. ஆனால் இந்த அணியின் கதை என்னை விடவில்லை. ஏன் விடவில்லை என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

எது இந்த ஆட்டம்?

நம் ஊர்ப் பக்கத்தில் கைப்பந்து என்றால் அது வாலிபால்தான். ஆகையால் 'ஹேண்ட்பால் ஆடுகிறேன்' என்று நான் முதன்முதலில் வீட்டில் சொன்னபோது, "அதான் நம்ம பஞ்சாயத்து மைதானத்துலயே வலை கட்டி ஆடுறாங்களே, அதுக்கு எதுக்குய்யா காலேஜு வரைக்கும் போகணும்?" என்று என் தாயார் கேட்டார். அவருக்குச் சொன்ன விளக்கத்தையே இங்கும் சொல்கிறேன். ஹேண்ட்பால் என்பது கையால் ஆடும் கால்பந்து. 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள களம். பக்கத்துக்கு ஏழு பேர். 30 நிமிடங்களாக இரண்டு பாதி. கோல் 3 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் கொண்டது. அதற்கு முன்னால் 6 மீட்டர் தொலைவில் ஒரு வளைகோடு. அந்தக் கோட்டுக்குள் கோல்கீப்பர் தவிர வேறு யாரும் கால் வைக்கக் கூடாது. ஆனால் காற்றுக்குத் தடையில்லை! கோட்டுக்கு வெளியே காலூன்றி எழும்பி, பாதம் தரையைத் தொடுவதற்குள் பந்தை விட்டுவிட்டால் அது செல்லும். ஆகவே இந்த ஆட்டத்தின் அழகெல்லாம் அந்தரத்தில் இருக்கிறது. முதலாண்டில் எறிபொருளின் இயக்கத்தைக் கரும்பலகையில் படித்த நமக்கு, அரைக்கிலோவுக்குச் சற்றே குறைவான அந்தப் பந்து, ஓடுகிறவன் வேகத்தையும் வாங்கிக்கொண்டு கோலின் மூலைக்குப் பாயும் காட்சி, சமன்பாட்டுக்கு உயிர் வந்தது போலத் தோன்றும்.

இந்த ஆட்டத்துக்கு டென்மார்க்தான் பிறந்த வீடுகளுள் ஒன்று. கோபன்ஹேகனுக்கு வடக்கே ஓர்ட்ரப் என்னும் ஊரில் ஹோல்கர் நீல்சன் என்ற ஆசிரியர் இருந்தார். 1896-இல் ஏதென்ஸ் நகரில் நடந்த முதல் ஒலிம்பிக்கில் பதக்கம் வென்றவர். பள்ளி முற்றத்தில் கால்பந்து ஆடினால் சன்னல் கண்ணாடிகள் உடைகின்றன என்று தடை வந்ததாம். பிள்ளைகளைச் சும்மா நிறுத்தாமல், பந்தைக் கையால் ஆடச் செய்தார் அந்த ஆசிரியர். ஆண்டு 1898. ஆட்டத்தின் விதிகளை எழுதி 1906-இல் வெளியிட்டார். உடைந்த கண்ணாடியிலிருந்து ஓர் உலக ஆட்டம் பிறந்தது என்றால் மிகையாகாது. 1996, 2000, 2004 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளில் டென்மார்க் மகளிர் தொடர்ந்து தங்கம் வென்றனர். ஆடவர் 2016-இலும் 2024-இலும் தங்கம் வென்றனர். உலகக் கோப்பையை 2019 முதல் 2025 வரை நான்கு முறை தொடர்ந்து கைப்பற்றினர்.

சிறிய நாடு இவ்வளவு வெல்வது எப்படி? அங்கே ஊருக்கு ஊர் சங்கம் இருக்கிறது. 1849-இல் இயற்றப்பட்ட அவர்களுடைய அரசியல் சட்டமே, குடிமக்கள் கூடிச் சங்கம் அமைத்துக்கொள்ளும் உரிமையை உறுதி செய்தது. உறுப்பினர்கள் ஆண்டுச் சந்தா கட்டுகிறார்கள். பொதுக்குழு கூடித் தலைவரையும் பொருளாளரையும் தேர்ந்தெடுக்கிறது. பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர் பெரும்பாலும் அவர்களுள் ஒருவரின் தகப்பனாரோ தாயாரோதான். சம்பளம் இல்லை. ஆடுவதற்கான உள்ளரங்கை நகராட்சி கொடுத்து உதவுகிறது. வெளிச்சத்தில் நின்று தங்கப் பதக்கத்தைக் கழுத்தில் ஏற்கும் வீரருக்குப் பின்னால், மாலை நேரத்தில் அரங்கின் கதவைத் திறந்துவிட்டு விளக்கைப் போட்ட பெயர் தெரியாத ஒருவர் இருக்கிறார்.

நகை வணிகரின் அணி

இனி நம் கதைக்கு வருவோம். கோபன்ஹேகனின் மேற்கே ஆல்பர்ட்ஸ்லுண்ட், குளோஸ்ட்ரப் என்று இரண்டு புறநகர்கள் இருக்கின்றன. அவ்விரண்டின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஏ.ஜி. என்ற பெயரில் ஓர் அணி ஆடி வந்தது. நகருக்குள் எஃப்.சி. கோபன்ஹேகன் என்னும் புகழ்பெற்ற கால்பந்துச் சங்கம் நடத்திய ஹேண்ட்பால் அணியும் இருந்தது. 2008-இல் அது நாட்டின் பட்டத்தை வென்றிருந்தது. 2010-இல் ஜெஸ்பர் நீல்சன் என்னும் செல்வர் இந்த இரண்டையும் ஒன்றாக்கி ஏ.ஜி. கோபன்ஹேகனை உருவாக்கினார்.

ஆட்டத்துக்கு விதி எழுதியவரும் ஒரு நீல்சன். இந்த அணிக்குப் பணம் கொடுத்தவரும் ஒரு நீல்சன். இருவருக்கும் உறவில்லை. அந்நாட்டில் நீல்சன் என்பது நம் ஊர்களில் முருகன் என்பது போல. முதல் நீல்சன் பள்ளி ஆசிரியர். இரண்டாம் நீல்சன் 'பண்டோரா' என்னும் டேனிஷ் நகைகளை ஜெர்மனியில் விற்றுப் பெரும் பொருள் ஈட்டியவர்.

அவர் கனவு சிறிதன்று. ஐரோப்பாவிலேயே சிறந்த அணி கோபன்ஹேகனில் இருக்க வேண்டும் என்று விரும்பினார். பார்சிலோனாவில் ஆடிக்கொண்டிருந்த மிக்கல் ஹன்சனை அழைத்து வந்தார். தலையில் பட்டை கட்டி, நீண்ட முடி பறக்க, ஒன்பது மீட்டருக்கு அப்பாலிருந்து குண்டு போல எறியும் அந்த இளைஞர், 2011-ஆம் ஆண்டுக்கான உலகின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2008 ஒலிம்பிக்கில் ஐஸ்லாந்துக்கு வெள்ளி வாங்கிக் கொடுத்த ஓலஃபுர் ஸ்டெஃபான்சனும் குட்யோன் வாலுர் சிகுர்ட்சனும் வந்தார்கள். நார்வே நாட்டுக் கோல்கீப்பர் ஸ்டைனார் ஏகெயும் அணியில் இருந்தார். வட நாடுகளின் வீரத்தையெல்லாம் ஒரே சட்டைக்குள் கொண்டுவந்தது போல இருந்தது அந்த அணி.

வந்தார்கள்; வென்றார்கள். 2011-இலும் 2012-இலும் நாட்டின் பட்டம் அவர்களுக்கே. நாட்டின் கோப்பையும் இரண்டு முறை அவர்களுக்கே. ஆனால் வெற்றிகளை விடவும் ஒரு நாள் நினைக்கத்தக்கது. 2011 மே 21-ஆம் நாள், இறுதி ஆட்டத்தைச் சாதாரண உள்ளரங்கில் வைக்காமல், பார்க்கன் என்னும் தேசியக் கால்பந்து அரங்கில் வைத்தார்கள். திறந்து மூடக்கூடிய கூரை உடைய அரங்கு அது. எதிரணி, பியெரிங்புரோ-சில்கபோர்க். ஹேண்ட்பால் பார்க்கச் சில ஆயிரம் பேர் வந்தாலே பெரிது என்றிருந்த நிலையில், அன்று வந்தவர்கள் 36,651 பேர்! சங்கங்களுக்கிடையே நடந்த ஹேண்ட்பால் ஆட்டத்தில் அதுவரை உலகில் அவ்வளவு கூட்டம் கூடியதில்லை. 2014 செப்டம்பரில் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரில் 44,189 பேர் கூடும் வரை அந்தச் சாதனை நின்றது.

அடுத்த ஆண்டு ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக். முந்தின ஆண்டு பட்டம் வென்ற பார்சிலோனாவைக் கால் இறுதியில் வெளியேற்றினார்கள். 2012 மே மாதக் கடைசியில் ஜெர்மனியின் கொலோன் நகரில் கடைசி நான்கு அணிகள் கூடின. அரை இறுதியில் அட்லெட்டிகோ மாட்ரிட் அணியிடம் 23-க்கு 25 என்று இரண்டே கோல்களில் தோல்வி. மறுநாள் பெர்லின் அணியை வென்று மூன்றாம் இடம். முதல் முறை களம் இறங்கிய அணிக்கு இது எவ்வளவு பெரிய சிறப்பு! வரும் ஆண்டு பட்டம் நமதே என்று கோபன்ஹேகன் ரசிகர்கள் எண்ணியிருப்பார்கள் அல்லவா?

வரும் ஆண்டு வரவில்லை.

பணம் போட்டவரின் செல்வம் பெரும்பாலும் நகை வணிகத்தோடு பின்னிக் கிடந்தது. 2011 ஆகஸ்டில் பண்டோரா நிறுவனத்தின் பங்கு விலை ஒரே நாளில் பாதிக்கும் மேலாகச் சரிந்திருந்தது. 2012 கோடையில் அவர் அணியிலிருந்து விலகினார். அவர் விட்ட இடத்தைப் பிடிக்க எவரும் முன்வரவில்லை. ஜூலை 31 அன்று அணி கலைந்தது. கொலோனில் பதக்கம் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஜெர்மனியின் கீல் அணியில் ஏழாண்டுகள் ஆடிப் புகழ் பெற்ற சுவீடன் நாட்டவர் கிம் ஆண்டர்சன், அந்தக் கோடையில்தான் இந்த அணிக்கு வந்து சேர்ந்திருந்தார். ஏ.ஜி. சட்டையில் லீக் ஆட்டம் ஒன்றுகூட ஆடாமலே அவர் வேறு அணி தேட வேண்டியதாயிற்று. மிக்கல் ஹன்சன் பாரிசுக்குப் போனார். அங்கே அந்த ஆண்டுதான் கத்தார் நாட்டுப் பணம் வந்து இறங்கியிருந்தது. மற்றவர்கள் ஆளுக்கொரு நாடாகப் பிரிந்தார்கள்.

தந்தையார் சொன்னது

இங்கே என் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்ல நண்பர்கள் அனுமதிக்க வேண்டும். இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்ததற்குக் காரணம் ஆட்டம் அன்று.

என் தந்தையார் பதினாறு ஆண்டுகள் ஒரு பஞ்சாலையில் ஸ்பின்னிங் பிரிவில் சைடராக வேலை பார்த்தவர். நான் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது, காலை ஷிப்டுக்குச் சைக்கிளில் போனவர் எட்டு மணிக்கெல்லாம் திரும்பி வந்துவிட்டார். ஆலை வாசலில் தாள் ஒட்டியிருந்ததாம். முந்தின நாள் இரவு வரை இயந்திரங்கள் ஓடின. நூல் அறுந்தால் முடிச்சுப் போட்ட அதே விரல்களால் அன்று அவர் திண்ணையில் உட்கார்ந்து பாயின் ஓரத்தை நெடுநேரம் பிரித்துக்கொண்டிருந்தார். நிலுவைப் பணம் தவணை தவணையாக வந்து சேர மூன்று ஆண்டுகள் ஆயின. அதன்பின் அவர் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார்; இன்றும் தூக்குகிறார். அந்த மூட்டைகளின் கணக்கில்தான் எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக நான் கல்லூரிப் படி ஏறினேன்.

இந்த டேனிஷ் அணியின் கதையை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் சொன்னேன். ஹேண்ட்பால் எது, டென்மார்க் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தேவைப்படவில்லை. "அந்த ஆளு கெட்டவரா?" என்று மட்டும் கேட்டார். "கெட்டவர்னு சொல்ல முடியாதுப்பா. ஆட்டத்து மேல ஆசை இருந்துச்சு" என்றேன். சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு சொன்னார்: "எங்க முதலாளியும் நல்லவருதான். ஒரு தீபாவளிக்குக்கூட போனஸைக் குறைச்சதில்ல. ஆனா மில்லு அவரோடது. நம்மளோடதுன்னு நாமதான் நெனச்சுக்கிட்டோம்."

36,651 பேரும் அன்று அந்த அரங்கில் அப்படித்தானே நினைத்திருப்பார்கள்? 'எங்கள் அணி' என்று தொண்டை கிழியக் கத்தியிருப்பார்கள். அன்பு அவர்களுடையது, ஆரவாரம் அவர்களுடையது. அணி மட்டும் அவர்களுடையதாக இல்லை.

மூன்று கிராமங்களின் முதலெழுத்து

இத்தோடு கதை முடிந்திருந்தால், உலகம் பணத்தால் ஆனது என்ற பழைய பல்லவியைப் பாடிவிட்டு நானும் பேனாவை மூடியிருப்பேன். ஆனால் அதே டென்மார்க்கில், அதே ஆண்டில் நடந்த இன்னொரு செய்தி இருக்கிறது.

ஃபியூன் என்னும் தீவின் தென்கிழக்கே கூட்பியெர்க், ஊரெ, கூட்மெ என்று மூன்று சிற்றூர்கள். மூன்றின் முதலெழுத்துகள் சேர்ந்து ஜி.ஓ.ஜி. என்ற சங்கத்தின் பெயராயின. நம் பக்கத்துக் கிராமங்களைவிடச் சிறிய அந்த ஊர்களின் சங்கம் பலமுறை நாட்டின் பட்டத்தை வென்றது. மிக்கல் ஹன்சன் பார்சிலோனாவுக்குப் போகுமுன் ஆடியது இங்கேதான். ஆனால் வளர வளரச் செலவும் வளர்ந்தது. கோபன்ஹேகனில் நகை வணிகரின் அணி பிறந்த அதே 2010-ஆம் ஆண்டின் ஜனவரியில், ஜி.ஓ.ஜி. அணி திவாலாயிற்று. அதன் இளம் கோல்கீப்பர் நிக்லாஸ் லண்டின் பியெரிங்புரோ-சில்கபோர்க் அணிக்குப் போனார். பார்க்கன் அரங்கில் அந்தப் பெருங்கூட்டத்தின் முன் ஏ.ஜி. எதிர்கொண்ட அணி அதுதான்.

இங்கேதான் வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். டென்மார்க்கில் தொழில்முறை அணியை நடத்துவது ஒரு கம்பெனி. அதற்கு அடியில் உறுப்பினர்களால் ஆன தாய்ச் சங்கம் இருக்கும். கூட்மெயில் முறிந்தது கம்பெனிதான். சந்தா கட்டும் உறுப்பினர்கள் அப்படியே இருந்தார்கள். சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குப் பந்து எறியக் கற்றுக்கொடுத்தவர்கள் அப்படியே இருந்தார்கள். அரங்கின் சாவி இருந்தது. தாய்ச் சங்கம் அணியைத் தன் மடியில் ஏந்திக்கொண்டது. கீழ்ப்பிரிவில் இறங்கி ஆடி, மெல்ல மேலேறி, 2022-இல் மீண்டும் டென்மார்க்கின் சாம்பியன் ஆயிற்று ஜி.ஓ.ஜி. 2023-இல் மறுபடியும். அந்த அணியிலிருந்து 2022-இல் பெர்லினுக்குச் சென்ற மத்தியாஸ் கிட்செல், 2024 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றதோடு அப்போட்டியின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகவும் தேர்வானார்.

ஒரே ஆண்டில் ஒன்று விழுந்தது, ஒன்று எழுந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், விழுந்தது நின்றுகொண்டிருக்கிறது, எழுந்தது இல்லை.

ஊர் கூடித் தேர் இழுப்பது என்று நாம் சொல்கிறோம். ஆயிரம் கை வடம் பிடிக்கும்போது நூறு பேர் களைத்து விலகினாலும் தேர் நிற்காது, மற்றவர்கள் இழுப்பார்கள். நின்றே போனாலும் மறு ஆண்டு திருவிழாவுக்கு ஊர் மறுபடி கூடும். ஒருவரே இழுக்கும் தேர் வேகமாகவே போகலாம். அவருக்குக் கை வலித்தால் நடுத்தெருவில் நின்றுவிடும்.

நியாயமும் சொல்ல வேண்டும்

செல்வரைப் பழித்துவிட்டுப் போவது எளிது. அது நேர்மையாகாது. தனி ஒருவர் துணியாவிட்டால் ஹேண்ட்பாலைக் கால்பந்து அரங்கத்துக்குக் கொண்டுபோக எவர் நினைத்திருப்பார்? கூட்டம் வராது என்று பொருளாளர்கள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். உலகத் தரமான ஆட்டத்தை அந்த நகரம் தன் வீட்டு வாசலில் பார்த்தது. பார்த்த சிறுவர்களில் எத்தனை பேர் மறுநாள் பந்தைக் கையில் எடுத்தார்களோ! அது வீணாகாது.

ஒருவர் நிழலில் வளர்ந்து வாடியது ஏ.ஜி. மட்டும் என்றும் எண்ண வேண்டாம். கொலோனில் அவர்களைத் தோற்கடித்த அட்லெட்டிகோ மாட்ரிட் ஹேண்ட்பால் அணியும் அடுத்த ஆண்டே, 2013-இல், கடனில் மூழ்கிக் கலைந்துபோயிற்று. அதே 2013-இல் ஐரோப்பியப் பட்டம் வென்ற ஜெர்மனியின் ஹாம்பர்க் அணி, தாங்கிய செல்வரின் பணம் நின்றதும் 2016 ஜனவரியில் முதல் பிரிவிலிருந்து பாதியிலேயே விலகியது. ஆனால் ஹாம்பர்க்கிலும் அடியில் சங்கம் இருந்தது. மூன்றாம் பிரிவிலிருந்து மறுபடி ஆடத் தொடங்கி 2021-இல் முதல் பிரிவுக்குத் திரும்பிவிட்டார்கள். வேர் இருந்த இடத்தில் துளிர் வந்தது.

கோபன்ஹேகனில் வெற்றிடம் விழுந்தபின், ஜூட்லாந்துத் தீபகற்பத்தில் உள்ள கோல்டிங் நகரத்துப் பழைய சங்கம், தலைநகரின் பெயரையும் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டு 2014, 2015 ஆண்டுகளில் பட்டம் வென்று பார்த்தது. பிறகு அந்த ஒட்டுப் பெயரைக் கழற்றிவிட்டுத் தன் ஊரோடு நின்றுகொண்டது. பெயரை ஒட்டவைக்கலாம், ஊரை ஒட்டவைக்க முடியுமா?

மிக்கல் ஹன்சனோ பாரிசில் பத்தாண்டுகள் ஆடியபின் 2022-இல் தாய்நாட்டுக்குத் திரும்பினார். ஆல்போர்க் அணியில் ஆடினார். 2024 ஒலிம்பிக் இறுதியில் ஜெர்மனியை வென்று தங்கம் பெற்ற கையோடு ஓய்வு பெற்றார். கலைந்த அணிகள், மாறிய சட்டைகள் எல்லாவற்றையும் கடந்து அவரோடு கடைசிவரை வந்தது, சிறு வயதில் ஏதோ ஓர் ஊர் அரங்கில் யாரோ கற்றுக்கொடுத்த அந்த எறி. முதலாளி மாறினாலும் கைத்தொழில் கையை விட்டுப் போகாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? என் தந்தையாரின் விரல்களும் இன்னும் நூல் முடிச்சை மறக்கவில்லை. போடத்தான் நூல் இல்லை.

நமக்கு இதில் என்ன?

நாம் படிப்பது அரசு கலைக் கல்லூரி. இதன் சுவரில் எந்தச் செல்வரின் படமும் மாட்டப்படவில்லை. மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர் வாங்கும் சோப்புக் கட்டியில், தீப்பெட்டியில் கட்டும் வரியும் சேர்ந்துதான் இந்தக் கரும்பலகையும், ஆய்வுக்கூடத்து நிறமாலைமானியும், நூலகத்து மின்விசிறியும். மின்விசிறி மெதுவாகத்தான் சுற்றுகிறது என்பது உண்மையே! ஆனால் எவரோ ஒருவர் மனம் மாறினார் என்பதற்காக ஒரு காலையில் வாசலில் தாள் ஒட்டி இதை மூடிவிட முடியாது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த என் போன்றவனுக்கு இதைவிடப் பெரிய உறுதி எது? இது எங்களுக்கு யாரோ கொடுத்த கொடை அன்று; எங்களுடையது. எங்களுடையது என்றால், இழுக்கும் பொறுப்பும் எங்களுடையதுதான்.

நம் கல்லூரி ஹேண்ட்பால் அணிக்குக் கூரை இல்லை. மழை பெய்தால் கோல் முன்னால் குளம். சென்ற ஆண்டு கோல் வலை நைந்து கிழிந்தபோது, விளையாட்டு நிதி வரும் வரை காத்திராமல், மூன்றாமாண்டு அண்ணன்கள் தலைக்கு ஐம்பது ரூபாய் போட்டார்கள். உடற்கல்வி இயக்குநர் ஐயா மீதியைப் போட்டார். தாவரவியல் துறைப் பேராசிரியர் ஒருவர், தாம் ஆட்டமே பார்த்ததில்லை என்று சொல்லிக்கொண்டே நூறு ரூபாய் தந்தார். புது வலை வந்தது. அந்த அண்ணன்கள் தேர்வு எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களில் ஒருவர் இப்போது தூத்துக்குடியில் வேலையில் இருக்கிறார். மற்றொருவர் வேலை தேடிக்கொண்டிருக்கிறார். வலை இங்கே தொங்குகிறது.

இந்த ஆண்டு முதலாமாண்டிலிருந்து ஒன்பது பேர் புதிதாக வந்திருக்கிறார்கள். அவர்களில் நால்வருக்கு ஹேண்ட்பால் என்றால் வாலிபால் அன்று என்பதே இங்கு வந்துதான் தெரிந்தது. சனிக்கிழமைதோறும் காலை ஆறரை மணிக்குக் கோட்டுக்கு வெளியே காலூன்றி எழும்பக் கற்றுக்கொடுக்கிறேன். பந்துகள் இரண்டுதான் இருக்கின்றன. இன்னும் வருபவர்கள் வரலாம்.